ரத்தம் எடுத்த இடம் ஒன்று, சோதித்த இடம் வேறொன்று

மழைக்குருவி:
லேப்னா எல்லாம் ஒண்ணுதான்னு போன மாசம் வரைக்கும் நினைச்சிருந்தேன். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகுதுன்னு டாக்டர் ப்ரோலாக்டின்ங்கற ஹார்மோனைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாங்க. வீட்டுக்குப் பக்கத்துல இருந்த லேப்ல கொடுத்தேன். ரெண்டு நாள்ல ரிப்போர்ட் வந்தது. இருக்க வேண்டியதைவிட ரெண்டு மடங்குக்கு மேல! மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில கட்டி இருக்கான்னு பார்க்கணும், தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கணும்னு பேச்சு. அன்னிக்கு ராத்திரி தூங்கினாத்தானே.

இன்னொரு டாக்டர்கிட்ட போனப்ப ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "மேக்ரோப்ரோலாக்டின் பார்த்தாங்களா?" சிலருக்கு ப்ரோலாக்டின் ஆன்டிபாடியோட ஒட்டிக்கிட்டுப் பெரிய உருண்டையா ரத்தத்துல சுத்துமாம். அதால உடம்புக்குள்ள பெரிசா எதுவும் நடக்காது. ஆனா மெஷின் அதையும் சேர்த்து எண்ணிடும். பெக்னு ஒரு ரசாயனத்தைக் கலந்து அந்த உருண்டைகளை அடியில படிய வெச்சுட்டு, மேல மிஞ்சுறதை மட்டும் திரும்ப அளக்கணும்.

முதல் லேபுக்கு போன் போட்டேன். "அப்படி ஒரு டெஸ்டே எங்க லிஸ்ட்ல இல்லைங்க"ன்னு வெச்சுட்டாங்க. நாலஞ்சு இடம் விசாரிச்சதுல ஒரே ஒரு இடத்துல மட்டும் "இருங்க மேடம், உள்ளே கேட்டுச் சொல்றேன்"னு பயோகெமிஸ்ட்கிட்டயே லைனைக் கொடுத்தாங்க. செய்யறோம், மிஞ்சின அளவைத் தனியாப் போட்டுத் தர்றோம்னார். அங்கேயே போனேன். மிஞ்சினது நார்மல். எம்ஆர்ஐ வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். மாதவிடாய்க்கு வேற காரணம் தேடிக்கிட்டு இருக்கோம், அது தனிக் கதை.

நீங்கல்லாம் லேபை எப்படித் தேர்ந்தெடுக்கறீங்க?

கடைக்குட்டி:
எங்கள் வீட்டில் அக்கறை கூடிப்போய்க் கெட்டது. அப்பாவுக்கு மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை, பொட்டாசியமும் குறைவு. ரத்த அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் ரெனின் என்ற நொதியையும் பார்க்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த தம்பி, குழாயைப் பத்திரமாக ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். பரவாயில்லையே என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

ரெனினுக்கு அந்தக் குளிர்தான் வினை. பிளாஸ்மாவைப் பிரிக்கும் முன்பே குளிர்ந்துவிட்டால், சும்மா கிடக்கும் ப்ரோரெனின் வேலை செய்யும் ரெனினாக மாறிவிடும். ரெனின் ஏறினால், ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்து வரும் விகிதம் இறங்கும், தேடுகிற நோய் (அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனை அளவுக்கு மீறிச் சுரப்பது) இல்லாதது போலத் தெரியும். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. டாக்டருக்குச் சந்தேகம் வந்து வேறு லேபுக்கு அனுப்பினார். அங்கே ஊசியை எடுப்பதற்கு முன்பே அப்பா விழுங்கும் மாத்திரை அத்தனையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள், ஏனென்றால் பீட்டா பிளாக்கர் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் இந்த எண்களையே புரட்டிவிடும். குழாய் அறை வெப்பத்திலேயே இருந்தது. இந்தத் தடவை விகிதம் எகிறியது. பிறகு செய்த உறுதிச் சோதனைகளிலும் கோளாறு அட்ரீனலில்தான் என்று வந்தது. அந்த ஐஸ் பெட்டித் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைக்கோட்டு:
14 வருஷமா லேப்ல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

ஐஸ் விஷயத்துல கடைக்குட்டி சொன்னது சரி. ஆனா அதைப் படிச்சுட்டு எல்லாக் குழாயையும் வெளியே வைக்கச் சொல்லிடாதீங்க! அம்மோனியாவுக்கு ஐஸ் கட்டாயம், இல்லேன்னா குழாய்க்குள்ளயே ஏறிக்கிட்டே போகும். குளிர்ந்தா படிஞ்சுபோற புரதமான க்ரையோகுளோபுலினுக்கு ஐஸும் ஆகாது, அறை வெப்பமும் ஆகாது. சூடுபடுத்தின குழாய்ல எடுத்து, சீரம் பிரியற வரைக்கும் 37 டிகிரியிலேயே வெச்சிருக்கணும். நடுவுல ஆறிப்போச்சுன்னா அந்தப் புரதம் ரத்தக் கட்டியோடவே போயிடும், ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்துடும். இதைக் கூரியர்ல அனுப்பற இடத்துல கொடுத்து என்ன பிரயோஜனம்?

மழைக்குருவி, சின்ன லேபை ரொம்பத் திட்டாதீங்க. வெளியே அனுப்பறது தப்பில்லை. அபூர்வமான டெஸ்டை வாரத்துக்கு ரெண்டு பேருக்குச் செய்யற இடத்தைவிட, தினமும் ஒரு தட்டு நிறைய மாதிரிகளை ஓட்டற இடம் மேல். அனுப்பறதை மறைக்கறதுதான் தப்பு. எந்த லேப் செஞ்சதுன்னு ரிப்போர்ட்ல இருக்கணும். அப்புறம் சுவர்ல மாட்டின சான்றிதழைப் பார்த்து மயங்காதீங்க. ஐஎஸ்ஓ 9001 எந்தத் தொழிலுக்கும் தர்றது. மருத்துவ லேபுக்குன்னே இருக்கறது ஐஎஸ்ஓ 15189, கடைசியாத் திருத்தினது 2022ல. அதுலயும் அங்கீகாரம் டெஸ்ட் வாரியாத்தான். உங்க டெஸ்ட் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு கேளுங்க.

இன்னொண்ணு, இது என் ஆதங்கம். ரத்தம் உறையற நேரத்தைப் பார்க்க எடுக்கற, உறையாம இருக்க சிட்ரேட் போட்ட குழாய்ல கோடு வரைக்கும் ரத்தம் இல்லேன்னு நாங்க திருப்பி அனுப்பினா, "இன்னொரு தடவை குத்தணுமா"ன்னு எங்களைத்தான் வைவாங்க. அங்கே ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட்னு கணக்கு. ரத்தம் குறைஞ்சா உறையற நேரம் நீண்டு காட்டும். எந்த மாதிரியையும் திருப்பியே அனுப்பாத லேப் ஒண்ணு இருந்தா, நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

நிலாமுற்றம்:
தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு, நோய் திரும்பி வருதான்னு காட்டற தைரோகுளோபுலின்ங்கற புரதத்தைப் பார்த்துக்கிட்டு வர்றேன். ஒரு தடவை அவசரத்துக்கு வேற லேப்ல கொடுத்தேன், எண் கூடிப்போச்சு. ஒரு வாரம் வீட்ல யாரும் சரியாப் பேசிக்கல. கடைசில பார்த்தா மெஷின் வேற, முறை வேற. பழைய லேப்லயே திரும்பப் பார்த்தப்ப முன்னாடி இருந்த அளவுதான். அதுக்கப்புறம் லேபை மாத்தறதே இல்லை. கூடவே ஆன்டி தைரோகுளோபுலினும் சேர்த்துத்தான் பார்க்கணும், அந்த ஆன்டிபாடி இருந்தா எண்ணே பொய் சொல்லும்.

கடைக்குட்டி:
முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் லேபில் அதைச் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் தைராய்டு சோதனையில் டிஎஸ்ஹெச் இறங்கியும் டி4 ஏறியும் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே பயோட்டின் பற்றி எச்சரித்திருக்கிறது.

மழைக்குருவி:
வெள்ளைக்கோட்டு அண்ணே, நீங்க சொன்னதும் முதல் ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். கடைசிப் பக்கத்துல, கையெழுத்துக்குக் கீழே, பொடி எழுத்துல "பரிசோதனை நடந்த இடம்"னு ஒரு வரி இருக்கு. நான் நாலஞ்சு இடம் அலைஞ்சு விசாரிச்சு ரெண்டாவதாப் போனேனே, அதே லேப்.