30 வாரத்தில் பிறந்த குழந்தை இன்குபேட்டரில்: தங்கைக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

சிசேரியன் முடிந்து இரண்டாம் நாள். குழந்தை 1,300 கிராம், ட்யூப் வழியாகத்தான் பால். தங்கைக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பவுடர் பால் வாங்கித் தரலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். இப்போது வருவது சீம்பால், சொட்டுகளே போதும். அதை வீணாக்காமல் நர்ஸிடம் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பால் எடுக்கப் பம்பைவிடக் கையே நல்லது: சீம்பால் கெட்டி, பம்பின் குழாயிலேயே ஒட்டிப் போகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து 2-3 செ.மீ. தள்ளி, முதலில் மார்புக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு சேர்த்துப் பிழிந்து விட வேண்டும். தோலில் விரலை இழுத்தால் புண்ணாகும். 24 மணி நேரத்தில் 8 முறையாவது, இரவிலும் ஒருமுறை. இரவை விட்டால்தான் பெரும்பாலும் சுரப்பு குறைகிறது.

மறுமொழி 2:
பாத்திரம் கழுவுவது, நேரம் குறிப்பது, ஐஸ் பெட்டியில் கொண்டுபோவது எல்லாம் வீட்டார் வேலை. பாட்டிலில் பெயர், தேதி, மணி எழுதுங்கள். ஃப்ரிட்ஜில் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்பதில் வார்டின் விதிதான் கணக்கு.

மறுமொழி 3:
டாக்டர் சம்மதித்ததும் கங்காரு முறை. டயப்பர், தொப்பியோடு குழந்தையை அம்மாவின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைப்பது. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது. அப்பாவும் செய்யலாம். உறிஞ்சி விழுங்கும் திறன் கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கூடிவரும், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், "எடை ஏறுச்சா?" என்று கேட்கும் போன்களை நீங்களே எடுங்கள். தங்கைக்கு அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.