ஆறு வாரம் கீகல் பயிற்சி செய்தும் சிறுநீர்க் கசிவு குறையவில்லை, எங்கே தவறு?

கேள்வி:
அம்மாவுக்கு 61 வயது, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகிறது. இருமினாலோ தும்மினாலோ, குனிந்து எதையாவது தூக்கினாலோ சிறுநீர் கசிகிறது. சில சமயம் பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள்ளேயே போய்விடுகிறது. ஆறு வாரமாகக் கீகல் (இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) செய்கிறார், மாற்றமே இல்லை. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொன்னார்களாம். எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்?

பதில் 1:
பாதியில் நிறுத்துவதை முதலில் விடச் சொல்லுங்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு தடவை செய்து பார்க்கலாம். அதையே தினசரிப் பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். தேங்கினால் தொற்று வரலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளட்டும். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அந்த இழுப்பை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கித் தூக்க வேண்டும். பலர் தூக்குவதற்குப் பதிலாக முக்குகிறார்கள். அது கசிவைக் கூட்டத்தான் செய்யும். ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போனால் சரி, வெளியே பிதுங்கினால் தவறு. பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சை அடக்காமல் இருக்க வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

மூன்று விநாடிதான் பிடிக்க முடிகிறதென்றால் மூன்றிலேயே ஆரம்பிக்கட்டும். பிடித்த அளவு நேரமாவது தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் அடுத்ததற்குப் போனால் தசை களைத்துப்போய் வேறு தசை வேலை செய்யத் தொடங்கிவிடும். 8 முதல் 10 தடவை, கடைசியில் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது 10 தடவை. இது ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. பிடிக்கும் நேரத்தை மெதுவாக 10 விநாடி வரை கூட்டலாம். குறைந்தது மூன்று மாதம் செய்த பிறகுதான் பலனை எடைபோட முடியும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. படுத்தபடியே செய்து பலமான தசை, நின்றுகொண்டு தும்மும்போது தானாக உதவிக்கு வராது. படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று என்று மாற்ற வேண்டும். இருமல் வருவதற்கு ஒரு நொடி முன்பே இறுக்கி, இருமி முடியும் வரை விடாமல் பிடிக்கப் பழக்குங்கள். குடத்தைத் தூக்கும்போதும் இதேதான்: முதலில் இறுக்கு, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு.

கேட்டவர்:
பின்பக்கம் இறுகுவது தெரிகிறது, முன்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்.

பதில் 2:
நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி முன்னால் சாயட்டும். முன்பக்கம் இருக்கையில் படுவதால் அங்கே அசைவு தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் பெண்களின் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அவர் உள்ளே விரல் வைத்துப் பரிசோதித்தே சொல்வார். எழுத்தில் விளக்கி இதைச் சரிசெய்வது கஷ்டம்.

பதில் 3:
பாத்ரூம் போவதற்குள் கசிவது வேறு வகை, அம்மாவுக்கு இரண்டும் கலந்திருக்கிறது. அவசரம் வந்ததும் ஓடினால் இன்னும் மோசமாகும். அப்படியே நின்று அல்லது உட்கார்ந்து, ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விட வேண்டும். அந்த அலை அடங்கிய பிறகு நிதானமாக நடக்கட்டும். மூன்று நாள் எப்போது போகிறார், எவ்வளவு குடிக்கிறார், எப்போது கசிகிறது என்று குறித்து வையுங்கள். மணிக்கு ஒரு தடவை போகிறவர் என்றால் ஒன்றேகால் மணி நேரமாக்கி, அது பழகியதும் இன்னொரு கால் மணி. மூன்று மணி நேரம் தாங்கினால் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று வெளியே கிளம்பும்போதெல்லாம் போவதும் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும் பழக்கம்தான்.

தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கலும் வரும். முக்கினால் இந்தத் தசைதான் தளரும். காபி, டீயைக் குறைத்துப் பார்க்கலாம்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பும் சிறுநீர்க் குழாயும் வறண்டு மெலிந்திருந்தால் பயிற்சி அதைச் சரிசெய்யாது. வறட்சியோ எரிச்சலோ இருந்தால், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அவசரமாகச் சிறுநீர் முட்டுவதைக் குறைக்க அது பலருக்கு உதவுகிறது. சிறுநீரில் ரத்தம், கீழே ஏதோ இறங்கி வருவதுபோல் உணர்வு, போக முடியாமல் தேங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கால்களுக்கு இடையே திடீரென்று மரத்துப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.