புதுப்பிப்பு: ஷிஃபான் டாப்ஸ் ஓரத்தில் பிசிறு வரும் பிரச்சினை தீர்ந்தது

ஷிஃபான் துணியில் தைத்த டாப்ஸின் உள்பக்கத் தையல்கள் பிசிறு பிசிறாகப் பிரிகின்றன, ஓரத்தைச் சுற்றி நூலால் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மெஷினும் இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ஓரத்தில் ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும்) தையல் போட்டுப் பார்த்தேன். மெல்லிய துணி என்பதால் ஓரம் சுருண்டு ஊசித் துளைக்குள் இழுபட்டது. கைகொடுத்தது, ஓரத்தை உள்ளே மறைத்து இரண்டு முறை தைக்கும் பிரெஞ்சுத் தையல்தான். தையலுக்கு விட்ட துணி 1.5 செ.மீ. உள்பக்கங்கள் ஒன்றோடொன்று சேரும்படி வைத்து, ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி முதல் தையல். பிறகு தையலிலிருந்து 3 மி.மீ. மட்டும் விட்டு ஓரத்தை வெட்டி, இஸ்திரி போட்டு, நல்ல பக்கங்கள் ஒன்றோடொன்று சேரும்படி துணியைத் திருப்பி மடித்து, மடிப்பிலிருந்து 9 மி.மீ. தள்ளி இரண்டாவது தையல். வெட்டிய ஓரம் முழுக்க உள்ளே அடங்கிவிடுகிறது.

முதல் தடவை நல்ல பக்கத்தில் மீசை போல நூல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. ஓரத்தை ஒழுங்காக வெட்டாததுதான் காரணம். பிரித்துவிட்டு, கூரான கத்தரியால் ஒரே சீராக வெட்டித் தைத்ததும் சரியாகிவிட்டது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஊசியையும் மெல்லிய 9ஆம் எண்ணுக்கு மாற்றினேன், சுருக்கம் நன்றாகவே குறைந்தது.

நான் எதிர்பார்க்காதது கைக்குழி. அந்த வளைவில் பிரெஞ்சுத் தையல் தடித்து இழுத்தது. அங்கே மட்டும், ஒருவர் சொன்னபடி, அதே துணியில் கிராஸ் பீஸ் (குறுக்காக, சாய்வாக வெட்டிய பட்டி) வெட்டி ஓரத்தைச் சுற்றித் தைத்தேன். மூன்று முறை துவைத்தாகிவிட்டது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை.