சகுனம் பார்க்கிறவங்க, பார்க்காதவங்க: நடந்ததைச் சொல்லுங்க

வேப்பமரத்தடி:
பெரியப்பா தவறினது வெள்ளி ராத்திரி, எடுத்தது சனிக்கிழமை. சனிப் பொணம் தனிப் போகாதுன்னு, பாடையில கட்டக் கோழிக்கு ஆள் அனுப்பியாச்சு. என்னை உறுத்துறது கோழி இல்ல, சித்தப்பா. ஆயுசு முழுக்கக் கருப்புச் சட்டை. கிரகணம் பிடிச்சா வேணும்னே தெருவுல நாற்காலி போட்டு உக்காந்து இட்லி சாப்பிடுவார். அன்னைக்குப் பாடை கட்டி முடிக்கிற நேரத்துல அவர்தான் என் காதுகிட்ட வந்து, "கோழி வந்துடுச்சாடா?"ன்னார். கோழி கால்ல கயிறு இறுகலைன்னு அவரே அவுத்துத் திருப்பிக் கட்டினார். பறை நிக்கிறப்பல்லாம் அது கொக்கரிச்சுக்கிட்டே வந்துச்சு. ஏன் அப்படின்னு இன்னும் நான் அவர்கிட்ட கேட்கலை. எப்படிக் கேக்குறது?

கரிசக்காட்டுக்காரி:
அப்பா போனதுக்கு அப்புறம், நல்ல காரியத்துக்கு யார் கிளம்பினாலும் அம்மா அடுப்படிக்குள்ள போயிரும். யாரும் சொல்லி இல்ல, அதுவாவே. நான் இன்டர்வியூவுக்குப் போன அன்னைக்கு எதிர்வீட்டு அத்தையை நிறைகுடத்தோட தெருமுனையில நிக்கச் சொல்லி ஏற்பாடு, தற்செயலா எதிர்ல வர்ற மாதிரி. நான் சர்டிபிகேட் ஃபைலைக் காணோம்னு தேடிக்கிட்டு இருக்கேன். அத்தை நின்னு பாத்துட்டு, "ஏ புள்ள, சீக்கிரம் வாடி, இடுப்பு ஒடியுது, நான் எதுக்க வரணும்ல"ன்னு கத்துச்சு. தெருவே சிரிச்சது. அடுப்படியில அம்மா சிரிக்கிற சத்தமும் கேட்டுச்சு. வெளியதான் வரலை.
வேப்பமரத்தடி அண்ணே, சித்தப்பாவைக் கேக்காதீங்க. விட்டுருங்க.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறீர்கள். சகுனம் வேறு, காலக்கணக்கு வேறு. என் அனுபவம் சின்னது: வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பத்திரப் பதிவுக்குப் போனேன். ராகுகாலம் என்று ஒரு ஈ காக்கை இல்லை. உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான்.
ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று மனப்பாடம் பண்ணி, திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30 என்று ஒப்பிக்கிறோமே, அதெல்லாம் சூரியன் காலை 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு மறைவதாக வைத்துப் போட்ட கணக்கு. முறைப்படி, அன்றைய பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். ஜனவரியில் சென்னையில் உதயமே ஆறரை தாண்டிவிடும். அப்போது திங்கட்கிழமை ராகுகாலம் எட்டு மணி வாக்கில் தொடங்கி ஒன்பதரைக்குக் கிட்டத்தான் முடியும். "ஒன்பது அடிச்சாச்சு, கிளம்பு" என்று கிளம்புகிறவர்கள் ராகுகாலத்திலேயேதான் கிளம்புகிறார்கள். நம்புவதென்றால் ஒழுங்காக நம்புங்கள்! சூலத்தையும், அதாவது அன்றைக்குப் போகக்கூடாத திசையையும் பாருங்கள்: திங்கள், சனி கிழக்கே சூலம். போயே ஆகவேண்டும் என்றால் பரிகாரம் தயிர். செவ்வாய், புதன் வடக்கே, பரிகாரம் பால். வியாழன் தெற்கே, தைலம். வெள்ளி, ஞாயிறு மேற்கே, வெல்லம். கேலண்டர் தாளிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

நாகை நித்யகல்யாணி:
கணக்குப்பிள்ளை சார், எங்க ஊருக்குக் கிழக்க கடல்தான். திங்கட்கிழமை போட்டுல ஏறுறவங்க எல்லாரும் தயிர் குடிச்சுட்டா போறாங்க?
என் கதை பல்லி. சாப்பிடும்போது என் இடது தோள்ல விழுந்து, அங்கேர்ந்து எகிறி இவர் மடியில விழுந்து ஓடிருச்சு. மாமியார் பஞ்சாங்கத்தை எடுத்துட்டாங்க. அதுல பல்லி விழும் பலன் ஒரு ஆளுக்குத்தான் போட்டிருக்கு. முதல்ல விழுந்த இடமா, கடைசியா விழுந்த இடமா? என் பேர்லயா, இவர் பேர்லயா? சோறு ஆறிப்போச்சு. கடைசியில ரெண்டு பேரையும் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினாங்க. வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுட்டா தோஷம் போயிருமாம். மேல விதானத்துல இருக்கு, படியேறிக் கைய நீட்டித் தடவணும். இவருக்கு எட்டிருச்சு. நான் குள்ளம், பின்னாடி கூட்டம் வேற நெருக்குது, விரல் நுனி பட்டுச்சா படலையான்னே தெரியலை. "பட்டுச்சு"ன்னு மாமியார்கிட்ட சொல்லிட்டேன். நம்பிக்கை கிடையாதுங்க எனக்கு. ஆனா அந்த விரல் நுனி இப்பவும் ஞாபகத்துக்கு வருது.

டூவீலர் சாமி:
ஆயுத பூஜை மறுநாள் விடியக்காலை. ஏதோ ஒரு பட்டறை வாசல்ல உடைச்ச பூசணி, நடுரோட்டுல. வண்டி வழுக்கி நான் ஒருபக்கம், வண்டி ஒருபக்கம். எந்திரிச்சுப் பார்த்தா பேண்ட் பூராச் சிவப்பு. ஒரு அம்மா "ஐயோ ரத்தம்"னு அலறுது, ஒருத்தர் 108க்கு அடிக்கிறார். தொட்டுப் பார்த்தா குங்குமம். முட்டியில லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். பட்டறைக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார், தண்ணி குடுத்தார், நல்ல மனுஷன்தான். குடுத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பெரிசா வர இருந்தது சின்னதாப் போச்சு தம்பி, உங்க திருஷ்டியும் சேர்த்துக் கழிஞ்சிருச்சு." எனக்கு வாயில வார்த்தையே வரலை. யாரோட திருஷ்டிக்கு யாருங்க விழுறது?

கரிசக்காட்டுக்காரி:
அந்தப் பேண்ட்டைத் துவைச்சுட்டீங்களா? மஞ்சள்ல செஞ்ச குங்குமம்னா சோப்புப் பட்டா இன்னும் சிவக்கும், முதல்ல எலுமிச்சம்பழத்தைத் தேய்ங்க. சாயக் குங்குமம்னா போகாது, வீட்டுக்குப் போட்டுக்கோங்க.