கை உயர்த்திய உருவத்தில் தோள் உடலோடு சேரவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மனித உருவம் வரையப் பழகிவருகிறேன். கை தொங்கும் நிலையில் தோள் சரியாக அமைகிறது. கை தலைக்கு மேலே உயர்ந்துவிட்டால், பொம்மைக்கு மாட்டிய கைபோல் தனியே நிற்கிறது. சென்ற ஆடியில் தொடங்கிய சிக்கல் இன்னும் தீரவில்லை. புளியரை வழியாகக் கேரளம் செல்லும் லாரிகளில் காய்கறி மூட்டை ஏற்றுபவர்களைப் பார்த்து, 4பி பென்சிலால் ஏ3 தாளில் வரைகிறேன்.

கை முழுவதும் உயரும் ஏறத்தாழ 180 பாகையில் 120 மட்டுமே தோள்மூட்டில் நிகழ்கிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு விலாவின்மேல் சுழல்வதால் கிடைக்கிறது என்பது தெரியும். அந்த எலும்பின் கீழ்முனை அக்குள் பக்கம் நகர்வதை, சட்டையில்லாத வியர்த்த முதுகுகளில் தெளிவாகவே பார்த்திருக்கிறேன். எலும்புப் படத்தைப் படியெடுத்தேன், கம்பியில் களிமண் அப்பித் தோள் செய்தேன், கைப்பேசியில் எடுத்த படங்களின்மேல் எலும்புகளைக் கோடிட்டும் பார்த்தேன். பின்பக்கத் தோற்றம் ஓரளவு தேறியது. களிமண் பொம்மையால் பெரிய பயன் இல்லை.

முன்பக்கம்தான் பிடிபடவில்லை. அக்குளின் முன்சுவராக அமையும் மார்புத் தசை மேற்கை எலும்பை நோக்கி ஏறி, தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கு அடியில் மறையும் இடத்தில் என் கோடுகள் குழம்பிவிடுகின்றன. உச்சிவெயிலில் விழும் நிழலும் அந்தக் குழியை மூடிவிடுகிறது.

கை உயர்த்திய உருவத்தை முன்பக்கமிருந்து வரையும்போது நீங்கள் முதலில் குறிப்பது காறை எலும்பின் சாய்வையா, மார்புத் தசை மறையும் அந்த இடத்தையா?