ஒன்பது வயதுப் பிள்ளையின் முடியை வெட்டத்தான் வேண்டுமா?

வைகைக்கரை:
எங்கள் பிள்ளைக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று உள்ளது. விவரம் தெரிந்த நாள் முதல் துண்டைத் தலையில் கட்டிச் சடையாகத் தொங்கவிட்டு, அக்காளின் பாவாடையை உடுத்திக்கொண்டு திரிவதை விளையாட்டென்றே எடுத்துக்கொண்டோம். சென்ற ஆண்டிலிருந்து, "நான் பெண் பிள்ளைதான், நீங்கள் எல்லாரும் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்" என்று கேட்கிறது. கழுத்துவரை வளர்ந்த முடியை ஒட்ட வெட்டினால்தான் வகுப்பில் அமரலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கொழுந்தனார் சலூனுக்கு இழுத்துச் சென்று வெட்டிவிட்டு வந்தார். அன்றிரவு பிள்ளை சோற்றைத் தொடவில்லை. ஆண்கள் கழிப்பறைக்குப் போகப் பயந்து பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருந்ததில் நீர்க்கடுப்பும் வந்துவிட்டது. கண்டித்தால் சரியாகிவிடும் என்று கணவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் என்ன செய்வது?

தமிழாசான்:
அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அடிப்பதும் இழுத்துச் செல்வதும் தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை சொல்வதை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு, பெயரையும் சீருடையையும் மாற்றித் தரும்படி பள்ளியைக் கேட்பது பெரியவர்களின் அவசரமாகும். ஆம்ஸ்டர்டாமில் சிறுவயதில் இத்தகைய மனக்குழப்பத்துடன் மருத்துவர்களிடம் வந்த 127 பேரைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களில் 47 பேரிடம்தான் அது பதின்வயதிலும் தொடர்ந்ததாக அந்த ஆய்வு சொல்கிறது. ஊரறியப் பெயரை மாற்றிவிட்ட பிறகு, திரும்பி வர விரும்பும் பிள்ளை யார் முகத்தில் விழிக்கும்?

செங்காந்தள்:
ஐயா, நான் ஒரு திருநங்கை. அந்த அம்மா பெயர் மாற்றத்தைக் கேட்கவே இல்லை. முடியை வெட்டாதீர்கள், கழிப்பறைக்கு வழி செய்யுங்கள் என்பதற்கு மேல் அவர் பதிவில் ஒன்றுமில்லை. நீங்கள் காட்டும் ஆய்வில், கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பாதவர்களையும் அந்த உணர்விலிருந்து விலகிவிட்டவர்களாகவே எண்ணினார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: பெண்ணாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்ட பிள்ளைகளைவிட, நான் பெண்தான் என்று உறுதியாகச் சொன்ன பிள்ளைகளிடமே அது பெரும்பாலும் தொடர்ந்தது. வைகைக்கரையின் பிள்ளை எதைச் சொல்கிறது என்று மறுபடி படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 317 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, பெயரும் உடையும் மாற்றி வாழத் தொடங்கிச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் கழித்தும் 94 விழுக்காட்டினர் திருநர் அடையாளத்திலேயே இருந்ததைக் காட்டியது.

தமிழாசான்:
அந்த 317 பேரும், தொடக்கத்திலேயே பெற்றோரின் முழு ஆதரவோடு மாறிவிட்ட பிள்ளைகள். மாற்றியதால் நிலைத்ததா, நிலைக்கக்கூடியதாக இருந்ததால் மாற்றினார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு பிரித்தறிய முடியாது. இங்கிலாந்தில் மருத்துவர் ஹிலாரி காஸ் தலைமையில் நடந்த மீளாய்வின் இறுதி அறிக்கை 2024 ஏப்ரலில் வந்தபோது, பருவமெய்தாத பிள்ளைகளின் பெயர், உடை மாற்றத்தில்கூட எச்சரிக்கை வேண்டும் என்றுதான் கூறியது. நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வழிகாட்ட என்.சி.இ.ஆர்.டி. 2021இல் தயாரித்த ஆசிரியர் கையேடும் எதிர்ப்பு வந்ததும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. தலைமையாசிரியர் எதை வைத்து முடிவெடுப்பார்?

மதுரைக்காரன்:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நல்ல மனநல மருத்துவரிடம் காட்டி மாற்றிவிடலாம். எங்கள் உறவில் ஒரு பையனைக் குலதெய்வக் கோயிலில் மூன்று அமாவாசை தங்க வைத்தார்கள். இப்போது ஒழுங்காக இருக்கிறான்.

குழந்தைநலம்:
அந்தப் பையன் ஒழுங்காக இருக்கிறானா, வாயைத் திறக்காமல் இருக்கிறானா என்று உங்களுக்குத் தெரியாது. நான் குழந்தைநல மருத்துவர் என்பதால் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யும்படி சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். அதன் தொடர்ச்சியாக, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் பிறந்த பாலினத்தோடு ஒத்துப்போகாத இந்த உணர்வு மனநோய்களின் அத்தியாயத்தில் இல்லை.

காஸ் அறிக்கையைத் தமிழாசான் ஐயா பாதியில் நிறுத்திவிட்டார். பிள்ளை ஏற்கெனவே அந்த வழியில் போய்க்கொண்டிருந்தால் முழு மாற்றத்தைவிடப் பகுதி மாற்றம் வழிகளைத் திறந்து வைக்க உதவலாம் என்றும், குடும்பம் அனுபவமுள்ள மருத்துவரை விரைவில் பார்க்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. முடி வளர்ப்பது அந்தப் பகுதியிலும் சிறு பகுதிதான். வேண்டாமென்றால் நாளைக்கே வெட்டிக்கொள்ளலாம். பருவமெய்துவதற்கு முன் இதற்காக எந்த மருந்தும் ஹார்மோனும் தருவதில்லை என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பல தந்தையரின் கோபத்துக்குப் பின்னால் இருப்பது அறுவை சிகிச்சை பற்றிய பயந்தான்.

நீர்க்கடுப்பை மட்டும் லேசாக விடாதீர்கள். சிறுநீரை அடக்கும் பிள்ளைக்குத் தொற்று திரும்பத் திரும்ப வரும். ஆசிரியர் கழிப்பறையை உபயோகிக்க அனுமதி கேளுங்கள். தேவையானால் மருத்துவச் சான்று எழுதித் தருவார்கள்.

தமிழாசான்:
கழிப்பறை விஷயத்தில் மருத்துவர் சொல்வதே சரி. அதற்குப் பாலின அடையாளத்தைப் பேச வேண்டிய அவசியமே இல்லை. முடியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு பிள்ளைக்கு விலக்கு அளித்தால் நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள். பெயரிட்டுக் கேலி செய்வார்கள். ஆசிரியர் எல்லா நேரமும் உடன் இருக்க முடியாது. வீட்டில் பிள்ளை விருப்பப்படி இருக்கட்டும். வெளியே சற்றுப் பொறுத்திருக்கட்டும். பரதநாட்டியக் கலைஞரான திருநங்கை நர்த்தகி நடராஜ் எத்தனையோ எதிர்ப்புகளைத் தாண்டித்தான் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார்.

செங்காந்தள்:
அவருடைய பெயரை எங்கள் மேல் எறியாதீர்கள் ஐயா. ஊர் ஒதுக்கியும் ஒருவர் மேடையேறினார் என்பதால், ஒதுக்குவது பயிற்சியாகிவிடாது. பள்ளிக் கேலி தாங்காமல் எட்டாம் வகுப்போடு நின்று, வீட்டிலும் இடமில்லாமல் ரயிலேறிய எங்களில் பலரிடம் பள்ளி மாற்றுச் சான்றிதழே (டி.சி.) கிடையாது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான். கேலி செய்பவர்களைக் கண்டிக்க முடியாத பள்ளி, கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் முடியை வெட்டுகிறது. அதை ஒழுக்கம் என்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், திருநர் என்ற காரணத்துக்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின்றிப் பிரிக்கக்கூடாது என்கிறது. பெற்றோரே விரட்டினால் அந்தச் சட்டம் என்ன செய்யும்?

தமிழாசான்:
விரட்டச் சொல்லி நான் எழுதவில்லை. பிள்ளை பின்னால் மனம் மாறினால், வாக்கைக் காப்பாற்றும் கட்டாயம் அதற்கு வந்துவிடக்கூடாது என்கிறேன்.

குழந்தைநலம்:
அந்தக் கட்டாயம் முடி வளர்ப்பதால் வருவதில்லை. பெற்றோர் அதை அறிவிப்பாக்கும்போது வருகிறது. "நீ எப்படி இருந்தாலும் எங்கள் பிள்ளைதான், பின்னால் வேறு மாதிரி தோன்றினாலும் சொல்லலாம்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் போதும்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் தருவதற்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். கழிப்பறைக்கு அனுமதியும், முடியை வளர்த்துக் கட்டிக்கொண்டு வர அனுமதியும் மட்டும் கேட்டிருக்கிறேன். பெயர், சீருடை எதையும் தொடவில்லை. அக்கா செங்காந்தளுக்கு இது போதாது, ஐயாவுக்கு இதுவே அதிகம் என்று தெரியும். கணவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆனால் மருத்துவரிடம் நேரில் வந்து கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கொழுந்தனாரிடம், இனிமேல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் என்னைக் கேட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.