‘தானியங்கி டிராக்டர்’ சரிப்படுமா?

வணக்கம் ஐயா,

ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் டிராக்டருக்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘தானியங்கி டிராக்டர்’ என்ற பெயர் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சட்ட வாசகத்துக்குள் வைத்தால்தான் உதைக்கிறது. கலிபோர்னியாவின் பணியிடப் பாதுகாப்பு விதிகளில் 3441 என்று ஒன்று உண்டு. சொந்த எஞ்சின் விசையில் நகரும் பண்ணை இயந்திரம் எதுவானாலும், அது ஓடும்போது அதை இயக்குகிற ஆள் அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளிலேயே இருக்க வேண்டும் என்கிறது. உழவுச் சால் வழியே மணிக்கு 2 மைலுக்கு மிகாமல் ஊர்ந்துபோகிற வண்டிக்கு மட்டும் ஆள் அந்தக் கருவிகளிலிருந்து 10 அடிக்குள் நின்றால் போதும், அதற்கும் சில நிபந்தனைகள். இதைத் தளர்த்தச் சொல்லி வந்த மனுவை 2022-இல் அங்குள்ள பணியிடப் பாதுகாப்பு வாரியம் ஏற்கவில்லை.

இப்போது சொந்த விசையில் நகர்வதும் தன்னைத் தானே ஓட்டிக்கொள்வதும் இரண்டுமே ‘தானியங்கி’ என்றால் அந்த விதி தமிழில் ‘தானியங்கி வண்டிக்கு ஆள் வேண்டும்’ என்றாகிவிடும், படிப்பவர் சிரிப்பார். எனவே முதலாவதைத் ‘தன்விசை’ என்றும் இரண்டாவதைத் ‘தானோட்டு’ என்றும் பிரிக்கலாம் என்பது என் கருத்து. தானோட்டு டிராக்டர், தானோட்டு அறுவடை இயந்திரம். ஓட்டுநர், ஓட்டுநர் உரிமம் என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களோடும் ஒட்டிக்கொள்ளும். (தனக்குத் தானே ஓட்டுப் போடுவதா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும்.)

‘தன்னாட்சி’ வேண்டாம், கல்லூரி ஞாபகம் வருகிறது. ‘ஆளில்லா’ இன்னும் தப்பு, ஏனென்றால் வண்டியில் இல்லாவிட்டாலும் ஆள் எங்கோ இருக்கிறார். 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1230 இயந்திர ஒழுங்குமுறை, தொலைவிலிருந்து வண்டியைக் கவனிக்கிறவரைத் தனியாகவே வரையறுக்கிறது.

அவருக்குப் பெயர் வைப்பதுதான் பெரும்பாடு. ‘இயக்குநர்’ சினிமாக்காரர் ஆகிவிட்டார், ‘கண்காணிப்பாளர்’ என்றால் எஸ்.பி. ‘கண்காணி’ என்று சுருக்கலாமென்றால் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்கிய கங்காணி வந்து நிற்பார், அந்தச் சொல்லை இலங்கை மலையகத்தில் யாரும் ஆசையாகச் சொல்ல மாட்டார்கள். இப்போதைக்கு ‘மேற்பார்வையாளர்’ என்று வைத்திருக்கிறேன், அவ்வளவு திருப்தியில்லை.

அப்புறம், டிராக்டரை உழவு இயந்திரம் என்கிற இலங்கை நண்பர்கள் ‘தானோட்டு உழவு இயந்திரம்’ வாயில் நுழைகிறதா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.